ஜூன் விடுமுறையில் அப்பா, அம்மா, ஆசிரியர் தங்களுக்கென்று புத்தகம் எடுப்பது எப்படி

மே மாதக் கடைசி வந்துவிட்டால் நூலகத்தில் கூட்டம் கூடிவிடும். பிள்ளைகளுக்குப் பை நிறையப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகும் பெற்றோரில் பாதிப்பேர் தங்களுக்கென்று ஒன்றுகூட எடுப்பதில்லை. ஆசிரியர்களும் அப்படித்தான், மாணவர்களுக்கு வாசிப்புப் பட்டியல் தயாரித்துக் கொடுத்துவிட்டு, தாங்கள் என்ன வாசிக்கலாம் என்பதை யோசிக்காமலேயே மூன்றாம் தவணைக்குப் போய்விடுகிறார்கள். இது அவர்களுக்கான வழிகாட்டி. பல வருடமாகப் புத்தகம் தொடாதவர்கள், ஊரிலிருந்து புதிதாகச் சிங்கப்பூர் வந்தவர்கள், பள்ளியில் தமிழ் படித்ததோடு சரி என்று இருப்பவர்கள், யாராக இருந்தாலும் இங்கிருந்து தொடங்கலாம்.

முதலில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. இங்கே கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, ஆண்டு முழுக்க ஒரே வெயில்தான், இடையிடையே மழை. பள்ளிக்கு மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஏறக்குறைய ஆறு வாரம் விடுமுறை. வாசிப்பை மறுபடி பிடித்துக்கொள்ள ஜூன்தான் நல்ல சமயம் என்பது என் எண்ணம். ஆண்டிறுதியில் பயணம், கல்யாணம், அடுத்த வருடத்துக்குப் புத்தகம், சீருடை வாங்குவது என்று நாள் போவதே தெரியாது. ஜூன் அப்படியில்லை, கொஞ்சம் மூச்சு விடலாம்.

முதல் வேலை: 'பயனுள்ள' புத்தகத்தை ஒதுக்கி வையுங்கள்

விடுமுறைக்குப் புத்தகம் தேடும் பெற்றோர் நேராகப் போய் நிற்பது குழந்தை வளர்ப்பு அடுக்கில். பதின்ம வயதுப் பிள்ளையைக் கையாள்வது எப்படி, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைக்கு உதவுவது எப்படி. ஆசிரியர்கள் என்றால் வகுப்பறை மேலாண்மை, கற்பித்தல் உத்தி. நல்ல நூல்கள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றைக் கையில் பென்சிலோடுதான் வாசிப்போம், ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் செய்யவேண்டியவை என்று ஒரு பட்டியல் சேர்ந்துவிடும், கடைசியில் விடுமுறையிலும் வேலை பார்த்த களைப்புத்தான் மிஞ்சும். பத்து வருடமாக வாசிக்காமல் இருந்த ஒருவர் அப்படிப்பட்ட நூலோடு தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடுவார் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆகவே இந்த நான்கு வாரத்துக்கு ஒரே அளவுகோல்: அடுத்த பக்கத்தில் என்ன என்று உங்களுக்குத் தெரியவேண்டும் போல இருக்கிறதா? இருந்தால் அது உங்கள் புத்தகம். துப்பறியும் கதையா, பேய்க் கதையா, குடும்பக் கதையா, கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையா, பழைய சினிமா பற்றியதா என்பது யாருக்கும் பொருட்டில்லை. இலக்கியத் தரம் பற்றி நண்பர்கள் சொல்வதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தொழிலை முழுக்க விட்டுவிட மனமில்லாத ஆசிரியர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்துப் பாருங்கள். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அவர் மறைவால் முடிவுறாமலே நின்றுபோனது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்ட நாள்களைப் பற்றிய பகுதிகளை எந்த ஆசிரியர் வாசித்தாலும் மனம் நிறையும். பயிற்சிப் பட்டறை நூலில் கிடைக்காதது அதில் இருக்கிறது. பெரிய நூல், முழுதும் முடிக்கவேண்டும் என்று எடுக்காதீர்கள், சின்னச் சின்ன அத்தியாயங்களாக இருப்பதால் எங்கே நிறுத்தினாலும் சரி.

அப்புறம் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

இந்த இடத்தில் பெற்றோரும் ஆசிரியரும் பிரிகிறார்கள். பெற்றோருக்கு உண்மையில் விடுமுறையே கிடையாது, பிள்ளைக்குத்தான் விடுமுறை. அலுவலகம் போகவேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யவேண்டும், பகல் முழுக்க வீட்டிலிருக்கும் பிள்ளை என்ன செய்கிறது என்று நான்கு தடவை போன் செய்யவேண்டும். ஆசிரியருக்கு விடுமுறை உண்டு, ஆனால் முதல் வாரத்தில் துணைப்பாட வகுப்பு, முகாம், பயிற்சி, கூட்டம் என்று கொஞ்சம் போய்விடும், கடைசி வாரத்தில் அடுத்த தவணைக்கான தயாரிப்பு தலைதூக்கும். நடுவில் இருக்கும் இரண்டு வாரம்தான் அவருடையது. 2023 முதல் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி இரண்டிலும் எந்த நிலைக்கும் அரையாண்டுத் தேர்வு இல்லை என்பதால் திருத்தவேண்டிய தாள்கட்டு முன்பு போல இல்லை என்பது ஓர் ஆறுதல்.

ஆக, பெற்றோருக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம், ஆசிரியருக்குக் கிடைப்பது நடுவில் ஒரு நீண்ட நேரம். புத்தகத்தின் வடிவத்தை இதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு தமிழ்ப் புத்தகத்தை உங்கள் இயல்பான வேகத்தில் வாசியுங்கள், அவசரம் வேண்டாம். எத்தனை பக்கம் வந்தது? ஆறு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர் எம்ஆர்டியில் அரைமணி நேரம் வாசித்தால் ஒரு வழிக்கு 18 பக்கம். 200 பக்க நாவலுக்குப் பதினொன்று, பன்னிரண்டு தடவை. அதாவது ஒரு வாரம் போய்வந்தால் கிட்டத்தட்ட முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு நேரமே இல்லை என்று சொல்ல மனம் வராது. மூன்று பக்கம்தான் வந்தது என்றாலும் கவலை வேண்டாம், 100 பக்கப் புத்தகமாகப் பார்த்து எடுத்தால் போதும்.

ரசனை எது என்று தெரியாவிட்டால்

"எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லையே" என்பார்கள். புத்தகத்தில் தேடினால் தெரியாது. வேறு இடத்தில் பாருங்கள். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கைப்பேசியில் எதைப் பார்க்கிறீர்கள்? கொலை வழக்குத் தொடர்களா, சமையலா, ஊர்சுற்றிகள் போடும் காணொளிகளா, கோயில் கட்டடக்கலையா? அதே சுவை புத்தகமாகவும் இருக்கிறது. கோப்பிக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்தால் எந்தப் பேச்சில் உங்கள் குரல் உயர்கிறது என்பதையும் கவனியுங்கள். அரசியல் என்றால் தன்வரலாறுகள் பக்கம் போங்கள், ஊர்க்கதை என்றால் வட்டார நாவல்கள் பக்கம். படித்த காலத்தில் வார இதழில் எந்தத் தொடருக்காகக் காத்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், அந்தத் தொடர்களில் பல நூலாக வந்திருக்கும். பழைய விருப்பத்துக்குத் திரும்பிப் போவதில் தப்பே இல்லை, நின்றுபோன வாசிப்பைக் கிளப்ப அதைப்போல உதவுவது வேறு எதுவும் இல்லை.

சரித்திரக் கதை பிடிக்கும் என்றால் எல்லோரும் 'பொன்னியின் செல்வன்' என்று கையில் கொடுப்பார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த அந்த நாவல் ஐந்து பாகம், விறுவிறுப்பானதுதான், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் நான்கு வாரத்தில் முடிக்க நினைத்தால் மலைப்புத்தான் வரும். அதே கல்கியின் 'பார்த்திபன் கனவு' அளவில் எவ்வளவோ சிறியது. அதில் தொடங்குங்கள், பிடித்திருந்தால் ஆண்டிறுதி விடுமுறைக்கு ஐந்து பாகம் இருக்கவே இருக்கிறது.

பெரிய பெயர்களைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னைத் தெரு ஒன்றில் நடக்கிற சின்ன நாவல். மொழி எளிமையானது, கதை நம்மை விடாது. குழாயைத் திறந்தால் குடிநீர் கொட்டும் நம் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து அதை வாசிப்பது தனி அனுபவம்.

இந்த வட்டாரத்துக் கதை வேண்டுமென்றால் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மேடான், பினாங்கு என்று நமக்குப் பக்கத்து ஊர்களில் திரிகிற தமிழர்களைப் பற்றியது. இது முதல் புத்தகமாக வேண்டாம், நடை கொஞ்சம் அடர்த்தி. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ, ஆசிரியர்கள் தங்கள் நடு இரண்டு வாரத்தில் எடுத்தால் சரியாக இருக்கும்.

தமிழ் மெதுவாக வாசிப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை

இங்கே பிறந்து வளர்ந்த பெற்றோரில் பலர் உயர்நிலைப்பள்ளியோடு தமிழ்ப் புத்தகத்தை மூடியவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் முரசு தலைப்புச் செய்திகளை வாசிப்பார்கள், ஒரு நாவல் என்றால் தயங்குவார்கள். இவர்களுக்கு நான் சொல்வது உள்ளூர் எழுத்து. ஊர்ப்பெயர், உணவு, புளோக், மின்தூக்கி, உணவங்காடி எல்லாம் நமக்குப் பழகியவை என்பதால் தெரியாத சொல் நான்கு வந்தாலும் காட்சி தடைப்படாது. கலாசாரப் பதக்கம் பெற்ற இராம.கண்ணபிரான், மா.இளங்கண்ணன், புதுமைதாசன் ஆகியோரின் நூல்கள் நூலகத்தில் கிடைக்கும். புதுமைதாசனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' வானொலியில் தொடராக ஒலித்துப் பிறகு நூலானது. அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது. உரையாடலாகவே நகர்வதால் வாய்விட்டு வாசிக்கலாம், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சிறுகதைத் தொகுப்பு இவர்களுக்கு நாவலைவிட நல்லது. ஒரு கதை பத்துப் பக்கம், முடித்த திருப்தி அன்றைக்கே கிடைத்துவிடும். முதல் கதையிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றும் இல்லை, பொருளடக்கத்தைப் பார்த்து எந்தத் தலைப்பு கூப்பிடுகிறதோ அதை வாசியுங்கள். கதையை ஒலிநூலாகக் கேட்டுக்கொண்டே அச்சில் கண்ணை ஓட்டுவதும் நன்றாக வேலை செய்கிறது, இரண்டு மூன்று அத்தியாயத்துக்குள் வேகம் கூடுவது உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் வாசிப்பதுதான் சுலபம் என்றால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த நாவல்களும் நிறைய இருக்கின்றன, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி நூலகத்துக்குப் போகலாம்

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய நூலக வாரியத்தின் அடிப்படை உறுப்பியம் இலவசம். மற்றவர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சேரலாம், குடும்பத்தோடு இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு அந்தக் காசு முதல் மாதத்திலேயே புத்தகமாகத் திரும்பிவிடும். இரவல் காலம் 21 நாள், வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் இன்னொரு முறை 21 நாளுக்கு நீட்டித்துக்கொள்ளலாம். விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை எடுத்தீர்கள் என்றால் ஒரே நீட்டிப்பில் நான்கு வாரம் முழுவதும் கையில் இருக்கும், அதற்கு மேலும் இரண்டு வாரம் மிச்சம். எடுத்த கிளையிலேயே திருப்பித் தரவேண்டும் என்று இல்லை, தீவின் எந்தப் பொது நூலகத்திலும் போட்டுவிடலாம்.

தமிழ் அடுக்கு எல்லாக் கிளையிலும் ஒரே அளவில் இருக்காது. வீட்டுப் பக்கத்தில் உள்ள சின்ன நூலகத்தில் இரண்டு அடுக்குத்தான் இருக்கிறது என்று சோர்ந்துவிடாமல் ஒருநாள் பெரிய வட்டார நூலகம் ஒன்றுக்குப் போய்வாருங்கள். போகும் முன் நூலகச் செயலியிலோ இணையப் பட்டியலிலோ தேடிப் பார்த்து, புத்தகம் எந்தக் கிளையில் இருக்கிறது, இரவலில் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரே பெயரைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தட்டித் தேடுங்கள், ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும். ஆங்கில எழுத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், ழகரம் உள்ள பெயர் என்றால் கட்டாயம்.

கதை அல்லாத நூல்களை எண் வைத்து அடுக்கியிருப்பார்கள். டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, பயணத்துக்கு 910ஐ ஒட்டியவை, வாழ்க்கை வரலாறு 920, சமையல் 641. நான் முன்பே ஒதுக்கச் சொன்ன குழந்தை வளர்ப்பு 649, கற்பித்தல் 371. அந்த இரண்டு எண் பக்கம் இந்த ஜூனில் கால் போகவேண்டாம். பயண நூல் அடுக்கில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், பிள்ளையின் பாடத்துக்காக வீட்டிலேயே இருக்கவேண்டி வந்த பெற்றோருக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

நூலகம் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. சிங்கப்பூர்ப் பொன்விழா ஆண்டான 2015இல் வெளியிட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பில் உள்ளூர் இலக்கிய நூல்கள் பலவற்றை மின்வடிவில் வாசிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையத் தொகுப்பில் கல்கி உள்ளிட்ட பலரின் படைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூலக உறுப்பினர்கள் லிப்பி செயலியில் மின்னூலும் ஒலிநூலும் இரவல் எடுக்கலாம். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அச்சுப் புத்தகத்தையே சொல்வேன். கைப்பேசியில் வாசிக்கும்போது மேலே ஒரு பள்ளி வாட்ஸ்அப் தகவல் வந்து விழுந்தால் அதோடு போச்சு.

ஜூனில் ஊருக்குப் போகிறவர்கள் பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கடையில் போய் நின்றால் என்ன வாங்க நினைத்தோம் என்பது மறந்துவிடும், கண்ணில் பட்டதை அள்ளிவந்து, திரும்பும்போது விமான நிலையத்தில் பெட்டி எடையோடு போராடவேண்டியிருக்கும். 250 பக்கப் புத்தகம் ஏறக்குறைய 300 கிராம் வரும், அதை வைத்து எத்தனை வாங்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிக்சருக்கும் முறுக்குக்கும் கொஞ்சம் இடம் விடவேண்டுமே.

எடுக்கும் முன் மூன்று இடத்தில் திறந்து பாருங்கள்

பின்னட்டையை நம்பவேண்டாம், அங்கே எல்லாப் புத்தகமும் அருமையான புத்தகம்தான். முதல் பக்கம் வாசியுங்கள். அப்புறம் நடுவில் ஏதோ ஒரு பக்கம், அப்புறம் முக்கால் பங்கு தாண்டி ஒரு பக்கம். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் கவனமாகத்தான் எழுதுவார்கள், நடுப்பக்கம்தான் புத்தகத்தின் உண்மையான நடையைக் காட்டும். அந்த நடுப்பக்கத்தில் முன்கதை தெரியாமலே ஒரு வரி உங்களை நிறுத்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பத்தியை வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள், நாக்கு இடறினால் வைத்துவிடுங்கள், மூலம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சரி. எழுத்தின் அளவையும் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இரவு விளக்கில் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டினால் இரண்டாம் நாளே புத்தகம் மேசைக்கு அடியில் போய்விடும்.

எத்தனை எடுப்பது? மூன்று போதும். முதலாவது, இரண்டு நாளில் முடியக்கூடிய ஒல்லியான நூல். இன்னொன்று எங்கே வேண்டுமானாலும் திறந்து வாசிக்கக்கூடிய சிறுகதைகளோ கட்டுரைகளோ. மூன்றாவது கொஞ்சம் பெரியது, வெகுநாளாக ஆசைப்பட்டது. ஒல்லியானதை முதலில் முடியுங்கள். முடித்த அந்தத் தெம்பில்தான் பெரியதைத் தொட முடியும்.

பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்

முப்பது பக்கம் வாசித்தும் மனம் ஒட்டவில்லையா, மூடிவிடுங்கள். பள்ளியில் படித்த பழக்கம், எடுத்ததை முடித்தே ஆகவேண்டும் என்று நமக்குள் ஊறியிருக்கிறது, ஆசிரியர்களுக்கு அது இன்னும் அதிகம். நூலகப் புத்தகத்தை முடிக்காமல் திருப்பிக் கொடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. முடியாத புத்தகம் ஒன்று கட்டில் பக்கத்தில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தால் அடுத்த புத்தகத்தையும் தொடமாட்டீர்கள், மொத்த விடுமுறையும் அப்படியே போய்விடும். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள். நடையா, கதாபாத்திரமா, சோகம் அதிகமா? அடுத்ததை எடுக்கும்போது அது உதவும்.

வாசித்ததை யாரிடமாவது சொல்ல முடிந்தால் வாசிப்பு நிலைக்கும். கணவனும் மனைவியும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றி வாசித்து, யார் முன்னால் போகிறார்கள் என்று சண்டை போடும் வீடுகள் உண்டு. ஆசிரியர் அறையில் ஒரு மேசை ஓரத்தில் வாசித்து முடித்த சொந்தப் புத்தகங்களை வைத்துவிட்டால் மற்றவர்களும் எடுப்பார்கள், வைப்பார்கள், ஒரு வாட்ஸ்அப் குழுகூடத் தேவையில்லை. பெற்றோர் பிள்ளையின் நூலக வருகையைத் தங்கள் வருகையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளைச் சிறுவர் பகுதியில் விட்டுவிட்டுக் கைப்பேசியோடு உட்காரும் அந்த முக்கால் மணி நேரம் தமிழ் அடுக்குக்குப் போதும். பிள்ளை கொஞ்சம் பெரியது என்றால் "அம்மாவுக்கு ஒரு புத்தகம் எடுத்துத் தா" என்று அனுப்பிப் பாருங்கள், அட்டைப்படத்தைப் பார்த்து எதையோ எடுத்து வருவார்கள், அதில் ஒன்று அருமையாக அமைந்துவிடுவதும் உண்டு.

நேரம் எங்கே என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இரவு பத்தரை மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கண் சொருகும். காலைக் கோப்பியோடு பதினைந்து நிமிடம், அல்லது பிள்ளையின் நீச்சல் வகுப்பு முடியும்வரை கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம், அல்லது ரயில். பையில் புத்தகம் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும், ஒல்லியான புத்தகம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடுமுறையின் மூன்றாம் வாரத்தில் நூலகச் செயலியைத் திறந்து திருப்பித் தரவேண்டிய தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நாவல் பாதியில் நிற்கிறது என்றால் அந்தத் தேதி வரும் முன்பே நீட்டித்துவிடுங்கள், யாராவது முன்பதிவு செய்துவிட்டால் அப்புறம் முடியாது. மற்ற இரண்டையும் கொடுத்துவிட்டு, பள்ளி திறந்த பிறகும் ரயிலில் கொண்டுபோக ஒரு சிறுகதைத் தொகுப்பை மட்டும் எடுத்து வாருங்கள்.